காரைக்குடியிலிருந்து காட்டுக்கு: ஜீப் சஃபாரி பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

பதினைந்து வருடமாக, வருடத்துக்கு ஒரு முறையாவது சொந்தபந்தத்தைக் கூட்டிக்கொண்டு காட்டுக்குப் போய்வருகிறேன். அதனால் கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தால்கூட யாராவது பக்கத்து இலையிலிருந்து, "அண்ணே, அந்தப் புலி பார்க்கப் போனீங்களே..." என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர்களும் இதையேதான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. கேட்டது கேட்டபடியே இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

சஃபாரின்னா என்ன, நம்ம கார்லயே காட்டுக்குள்ள சுத்துறதா?

இல்லை. புலிகள் காப்பகத்துக்குள் வனத்துறை அனுமதித்த வண்டியில், அவர்கள் அனுப்பும் ஓட்டுநர் அல்லது வழிகாட்டியோடு, குறித்த பாதையில் மட்டும் போய்த் திரும்புவதுதான் சஃபாரி. சில இடங்களில் ஜீப், சில இடங்களில் வேன் அல்லது மினி பஸ். நம் காரை வரவேற்பு மையத்திலேயே நிறுத்திவிட வேண்டியதுதான்.

காட்டின் நடுவே போகிற பொதுச்சாலையில் நாம் காரில் போகும்போது மான், யானை தெரிந்தால் அது வழிப்பயணம். அதைச் சஃபாரி என்று சொல்லிக் காசு கேட்பவர்களும் உண்டு. அந்தக் கதை கீழே வருகிறது.

நம்ம பக்கத்துலேர்ந்து எந்தக் காடு கிட்ட?

கூட்டமில்லாத, சத்தமில்லாத காடு வேண்டுமென்றால் டாப்சிலிப் – பரம்பிக்குளம். திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், பழனி, உடுமலை, பொள்ளாச்சி, சேத்துமடை என்று போனால் சுமார் 270 கிலோமீட்டர். பாதி வழி நகரத்தார் காவடி எடுத்து நடந்த வழிதான், அதனால் பெரியவர்களுக்கு ஒவ்வொரு ஊரும் மனப்பாடம். பழனியில் இறங்கிக் கும்பிட்டுவிட்டுப் போகலாம் என்றால் வீட்டில் அனுமதியும் சுலபமாகக் கிடைக்கும். எனக்கு முதல் முறை அப்படித்தான் கிடைத்தது.

திறந்த ஜீப்பில்தான் போக வேண்டும், மிருகங்களும் நிறையத் தெரிய வேண்டும் என்றால் முதுமலை. ஆனால் கோயம்புத்தூர், ஊட்டி, கூடலூர் சுற்றி, முதுமலையின் வரவேற்பு மையம் இருக்கும் தெப்பக்காடு போய்ச் சேர 400 கிலோமீட்டருக்கு மேல் ஆகும். மூன்று நாளாவது கையில் இல்லாமல் முதுமலை வேண்டாம். இரண்டு நாள்தான் என்றால் யோசிக்காமல் டாப்சிலிப் போங்கள்.

பரம்பிக்குளம் கேரளாதானே? பாலக்காடு சுத்திப் போகணுமா?

கேரளாதான், பாலக்காடு மாவட்டம். ஆனால் சாலை நம் பக்கமிருந்துதான். சேத்துமடை சோதனைச்சாவடியில் தமிழ்நாட்டு வனத்துறைக்குக் கட்டணம் கட்டி ஆனைமலை புலிகள் காப்பகத்துக்குள் ஏறி, டாப்சிலிப் தாண்டி, ஆனப்பாடியில் கேரள வனத்துறைக்குத் தனியாகக் கட்ட வேண்டும். ஒரே காட்டுக்கு இரண்டு தரம் பணமா என்று அங்கே நின்று சண்டை போடாதீர்கள். இரண்டு மாநிலம், இரண்டு காப்பகம்.

வேடிக்கை என்னவென்றால், உள்ளே இருக்கும் பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் அணைகள் கேரள மண்ணில் இருந்தாலும் பராமரிப்பது தமிழ்நாடு அரசு. பரம்பிக்குளம் – ஆழியாறு திட்டத்தில் கட்டியவை. கோவை, திருப்பூர்ப் பக்கத்துத் தென்னைக்கெல்லாம் இந்தத் தண்ணீர்தான் உயிர்.

எந்த மாசம் போனா நல்லது?

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை காடு பச்சையாக இருக்கும், வெயில் உறைக்காது. மார்ச், ஏப்ரலில் புல் காய்ந்து மிருகம் தண்ணீருக்கு வரும், அதனால் கண்ணில் படும் வாய்ப்பு கூடும். ஆனால் அதுதான் காட்டுத்தீ காலமும். தீ அபாயம் அதிகமானால் காப்பகத்தை மூடிவிடுவார்கள், நாம் ஆறு மாதம் முன்பே நாள் குறித்தோம் என்பதெல்லாம் செல்லாது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பரம்பிக்குளத்தில் தென்மேற்குப் பருவமழை. காடு அழகுதான், அட்டையும் உண்டு.

நம் ஊர்க்காரர்களுக்கு மட்டும் ஒரு தனி எச்சரிக்கை: தைப்பூசத்துக்கு முந்தைய வாரம் இந்த வழியில் கிளம்பாதீர்கள். நத்தத்திலிருந்து பழனி வரை சாலையோரம் முழுக்கப் பாதயாத்திரைக் கூட்டம். இருட்டில் வேகமாக வண்டி ஓட்டுவது பாவம், மெதுவாக ஓட்டினால் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. பொங்கல் விடுமுறையும் வேண்டாம். அந்த மூன்று நாளில் டாப்சிலிப் புல்வெளி நம் வாரச்சந்தை மாதிரி இருக்கும்.

காலைல கிளம்பி சாயந்திரம் சஃபாரி போயிறலாமா?

காகிதத்தில் கணக்குப் போட்டால் முடியும். நேரில் முடியாது. திண்டுக்கல்லில் டிபன், பழனியில் தரிசனம், பொள்ளாச்சியில் சாப்பாடு என்று ஆகும்போது சேத்துமடைக்கே நாலு மணி. மலையேறும் சாவடிகள் இருட்டும் வரை திறந்திருப்பதில்லை.

முதல் நாள் பொள்ளாச்சியிலோ ஆனைமலையிலோ தங்கி, மறுநாள் சாவடி திறக்கும் நேரத்தில் முதல் வண்டியாக நில்லுங்கள். காலை ஏழிலிருந்து ஒன்பது வரை காட்டில் நடப்பது மத்தியானத்தில் நடக்காது. பதினோரு மணிக்கு மேல் மான்கூட நிழலில் படுத்துவிடும்.

நாங்க இருபத்திரண்டு பேர். ஒரே வண்டில போகலாம்ல?

வளவு முழுக்கக் கிளம்பி வருவதுதான் நம் வழக்கம், எனக்கும் அதுதான் பிடிக்கும். ஆனால் ஜீப்பில் ஆறேழு பேருக்கு மேல் ஏற்றமாட்டார்கள். இருபத்திரண்டு பேர் என்றால் பரம்பிக்குளம் மினி பஸ்தான் தோது. முதுமலையாக இருந்தால் இரண்டு வேளையாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: சத்தம் போடாமல் இருக்கத் தெரிந்தவர்கள் காலையில், மற்றவர்கள் மாலையில். யார் எந்தப் பக்கம் என்று நான் சொல்லமாட்டேன், வீட்டுக்கு வீடு தெரியும்.

ஒரு வருடம் பதினான்கு பேரோடு டாப்சிலிப் போனேன். வண்டி திரும்பிய இடத்தில், இருபதடி தூரத்தில் காட்டுமாடு ஒன்று, நாலு காலிலும் வெள்ளைக் காலுறை போட்டது போல, மூங்கில் தளிரை மென்றுகொண்டு நின்றது. எல்லோரும் மூச்சடக்கிப் பார்க்கிறோம். பின் இருக்கையில் ஒரு செல்போனில் நாதஸ்வரம் அலறியது. முகூர்த்த மேளம்! காட்டுமாடு தலையைத் தூக்கியது, ஒரு சீற்றம், அவ்வளவுதான், மூங்கில் அசைவது மட்டும் மிச்சம். போனுக்குச் சொந்தக்காரர் என் சொந்த மச்சான். இன்றுவரை அந்த மேளத்தை மாற்றவில்லை.

முன்பதிவு எப்படி? ஏஜெண்டுகிட்ட குடுத்தா போதுமா?

முதுமலை, ஆனைமலை, பரம்பிக்குளம் மூன்றுக்கும் வனத்துறையின் சொந்த இணையதளம் உண்டு. தங்குமிடத்துக்கு அதில் நேரடியாகப் பதியுங்கள். கட்டணம் அவ்வப்போது மாறும் என்பதால் இங்கே எழுதவில்லை, தளத்தில் அன்றைக்கு இருப்பதுதான் சரி. அடையாள அட்டை ஆளுக்கொன்று கையில் இருக்கட்டும். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கியவர்கள் பாஸ்போர்ட்டைப் பெட்டியின் அடியில் வைக்காதீர்கள், அவர்களுக்குக் கட்டணமும் வேறு.

முதுமலைக்கு இன்னொன்று: நீலகிரிக்குள் நுழைய 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவு அது. 2025 கோடையில் ஒரு நாளைக்கு 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்று எண்ணிக்கைக்கும் வரம்பு வைத்தார்கள். அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

ஊட்டிலேர்ந்து முதுமலைப் பக்கத்து மசினகுடிக்கு கல்லட்டி வழி பாதி தூரம்தானே, ஏன் கூடலூர் சுத்தணும்?

தூரம் பாதிதான். ஆனால் 36 கொண்டை ஊசி வளைவு, செங்குத்து இறக்கம். பிரேக் சூடாகி விபத்துகள் நடந்த பிறகு வெளி மாவட்ட வண்டிகளை அந்த வழியில் கீழே இறங்க விடுவதில்லை. நம் வண்டி எண்ணைப் பார்த்தாலே திருப்பிவிடுவார்கள். நடுவட்டம், கூடலூர் வழியே போங்கள். வழியில் தேயிலைத் தோட்டமும் பைன் காடும் பார்த்துக்கொண்டு போகலாம்.

சாப்பாடு என்ன பண்றது? கட்டிக்கிட்டுப் போயிறலாமா?

தங்குமிடம் வரை தாராளமாக. சஃபாரி வண்டிக்குள் வேண்டவே வேண்டாம். வாசனை பிடித்துக் குரங்கு வரும், தேன்குழலைக் கடிக்கும் சத்தம் காட்டின் அமைதியில் கல் உடைப்பது போலக் கேட்கும். உள்ளே இருக்கும் சிற்றுண்டிச்சாலைகளில் சோறு, சாம்பார், முட்டை என்று எளிமையாகக் கிடைக்கும். வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும் எதிர்பார்த்துப் போய் முகத்தைச் சுளிக்காதீர்கள்.

தண்ணீருக்குப் பழைய எவர்சில்வர் கூஜாவை எடுத்துக்கொள்ளுங்கள். நீலகிரியில் ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை. சேத்துமடையிலும் பையைத் திறந்து பார்ப்பார்கள். பிளாஸ்டிக், மது இரண்டில் எது இருந்தாலும் அங்கேயே பிடுங்கி வைத்துக்கொள்வார்கள்.

என்ன உடுத்தணும்?

மண், இலை, காய்ந்த புல் நிறத்தில் பருத்தி உடை, முழுக்கை, முழுக்கால். வெள்ளை வேட்டி சட்டை நமக்குக் கௌரவம்தான், ஆனால் பச்சைக் காட்டில் அரை மைல் தூரத்துக்கு அடித்துக் காட்டும். சென்ட் வேண்டாம். காலை வேளைக்கு ஒரு சால்வை அல்லது ஸ்வெட்டர் அவசியம். திறந்த ஜீப்பில் காற்று காதைப் பிளக்கும்.

ஆச்சிக்கு எழுபத்தெட்டு வயசு, முட்டி வலி. கூட்டிப்போகலாமா?

கூட்டிப்போங்கள், ஜீப்பில் மட்டும் ஏற்றாதீர்கள். படி உயரம், பிடிமானம் குறைவு, குழியில் விழுந்தால் முதுகு தாங்காது. கர்ப்பிணிகளுக்கும் இதே பதில்தான். மினி பஸ்ஸில் முன்வரிசை ஜன்னலோரம் கேட்டு வாங்குங்கள். சிறு குழந்தைகளைப் பொறுத்தவரை வயதைவிடத் தூக்கம்தான் பிரச்சினை. அதிகாலையில் எழுப்பிக் கூட்டிப்போன குழந்தை அழ ஆரம்பித்தால் வண்டியில் இருக்கும் மற்றவர்களுக்கும் அன்றைய காடு முடிந்தது.

மலைப்பாதையில் குமட்டல் வரும் என்பவர்கள் வயிறு நிறையச் சாப்பிடாமல், எலுமிச்சம்பழம் ஒன்று கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

புலி கண்டிப்பா தெரியுமா?

தெரியாது என்றே நினைத்துக்கொண்டு கிளம்புங்கள். 2022 கணக்கெடுப்பில் தமிழ்நாடு முழுக்க 306 புலிகள், அதில் பெரும்பகுதி முதுமலையும் சத்தியமங்கலமும். அவையும் உண்ணிச்செடிப் புதருக்குள் இருந்தால் பத்தடியில் இருந்தாலும் நம் கண்ணுக்குப் படாது. பதினைந்து வருடத்தில் நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். ஒரு முறை பார்த்தது வால் மட்டும்.

ஆனால் காட்டை வாசிக்கத் தெரிந்தவரோடு போனால் புலி இல்லாமலேயே மயிர்க்கூச்செறியும். பரம்பிக்குளத்தில் ஒரு காலை, எங்கள் வழிகாட்டி, மலசர் இனத்துப் பெரியவர், வண்டியை நிறுத்தச் சொன்னார். பாதையில் யானைச் சாணி. அவர் மட்டும் இறங்கி, புறங்கையை அதன் மேல் வைத்துப் பார்த்தார். குழந்தைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று நெற்றியைத் தொடுவோமே, அந்த மாதிரி. "சூடு இருக்கு. பக்கத்துலதான்." எஞ்சினை அணைத்தோம். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு இடது பக்கம் மூங்கில் முறியும் சத்தம், சடக், சடக் என்று. பிறகு வயிற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு உறுமல், காதில் கேட்டதைவிட இருக்கையில் உணர்ந்தது அதிகம். இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தோம். கடைசி வரை தெரிந்தது இலைகளுக்கு நடுவே ஆடிய ஒரு காது மட்டும். என் பெண் அந்தக் காதைப் பற்றித்தான் பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதினாள்.

அப்ப எதைக் கவனிக்கணும்?

சத்தத்தை. மேய்ந்துகொண்டிருக்கும் புள்ளிமான்கள் எல்லாம் ஒரே திசையில் தலை தூக்கினால், மரத்தின் மேலிருந்து மந்தி விட்டுவிட்டுக் குரைத்தால், புலியோ சிறுத்தையோ செந்நாயோ நடமாடுகிறது என்று பொருள். அப்போது ஓட்டுநரை "போங்க போங்க" என்று அவசரப்படுத்தாதீர்கள், நின்று காத்திருப்பதுதான் லாபம்.

இதற்குப் பயிற்சி எடுக்க நம் ஊர்ப் பக்கமே இடம் இருக்கிறது. திருப்பத்தூர்ப் பக்கம் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம், 1977 முதல் இருக்கிறது. வேட்டங்குடிப்பட்டி, பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டி கண்மாய்கள்தான் சரணாலயம். பறவைகள் மிரளக்கூடாது என்று அந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. நவம்பருக்கு மேல் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பிள்ளைகளைக் கூட்டிப்போய், கரையில் அரை மணி நேரம் பேசாமல் உட்காரவைத்து, நத்தைகுத்தி நாரையையும் கரண்டிவாயனையும் எண்ணச் சொல்லுங்கள். அந்த அரை மணி நேரம் தாங்குகிற பிள்ளை காட்டுக்கும் தாங்கும். பைனாகுலர் பிடிக்கவும் அங்கேயே பழகிவிடலாம். 8×42 என்று போட்டது, அதாவது எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டுவது போதும், அதைவிடப் பெரிதாக்கினால் ஓடும் ஜீப்பில் கை ஆடும்.

மசினகுடில ராத்திரி சஃபாரி கூட்டிப்போறோம்னு சொல்றாங்களே?

மேலே சொல்வதாகச் சொன்ன கதை இதுதான். போகாதீர்கள். இரவு சஃபாரிக்கு வனத்துறை அனுமதி கிடையாது. தெப்பக்காட்டிலிருந்து பந்திப்பூர் போகும் சாலையையே இரவு 9 முதல் காலை 6 வரை மூடிவிடுகிறார்கள். அப்புறம் எங்கே கூட்டிப்போவார்கள்? ஊருக்கு வெளியே பொதுச்சாலையில் டார்ச் அடித்து மானை மிரட்டிவிட்டுத் திரும்புவார்கள். யானை குறுக்கே வந்தால் திறந்த ஜீப்பில் நம்மைக் காப்பாற்ற ஒன்றும் இல்லை.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், நானும் ஏமாந்தவன்தான். இரண்டாம் முறை போனபோது, தங்கிய இடத்தில் ஒரு தரகர் பேச்சை நம்பி முன்பணம் கொடுத்தேன். இரண்டு கிலோமீட்டர் போவதற்குள் வனக்காவலர் மறித்து, பெயர் விவரம் எழுதிக்கொண்டு திருப்பி அனுப்பினார். பணம் போனது பெரிதில்லை, பின்னால் உட்கார்ந்திருந்த பெரியத்தான் ஊர் வந்து சேரும்வரை வாயைத் திறக்கவில்லை.

காட்டுக்குள்ளயே ரிசார்ட் போட்டா நல்லாருக்குமே, எதுல தங்கலாம்?

முதலில் வனத்துறை விடுதிகளைப் பாருங்கள். டாப்சிலிப்பில் ஓய்வு விடுதிகள், பரம்பிக்குளத்தில் ஆனப்பாடிக் கூடாரங்கள், மரவீடு, வீட்டிக்குன்னு தீவு. வசதி கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், செல்போன் சிக்னலை நம்பக்கூடாது. அதற்காகவே போகலாம் என்பேன்.

மசினகுடிப் பக்கம் தனியார் விடுதி எடுத்தால், அது யானை வழித்தடத்தில் இல்லை, உரிமம் இருக்கிறது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். சீகூர் பகுதி யானை வழித்தடத்தில் இருந்த பல விடுதிகளுக்கு 2018-ல் உச்ச நீதிமன்ற உத்தரவின்படி சீல் வைத்தார்கள். வழித்தட அறிவிப்பு செல்லும் என்று 2020 அக்டோபரில் அதே நீதிமன்றம் தீர்ப்பும் சொன்னது.

எங்களுக்கு அங்க பெரிய ஆள் தெரியும். சொன்னா உள்காட்டுக்குள்ள விடுவாங்களா?

இந்தக் கேள்வி வராத வருடமே இல்லை. விடமாட்டார்கள், விடவும் கூடாது. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம். புலிகள் காப்பகங்களின் உள்பகுதியில் சுற்றுலாவையே உச்ச நீதிமன்றம் 2012-ல் சில மாதம் நிறுத்தி வைத்திருந்தது. பிறகு வழிமுறைகள் வகுத்த பின்தான் திறந்தார்கள். இப்போது நாம் போகும் பாதை அந்த அளவில் கிடைத்ததுதான். சிபாரிசுக்குப் போன் செய்யும் நேரத்தில் நல்ல வழிகாட்டி யார் என்று விசாரித்தால் பிரயோஜனம் உண்டு.

யானை ரோட்டை மறிச்சு நின்னா?

சஃபாரி வண்டி என்றால் ஓட்டுநர் பார்த்துக்கொள்வார், நீங்கள் எழுந்து நிற்காமல் இருந்தால் போதும். சொந்தக் காரில் போகும்போது என்றால், தூரத்திலேயே நிறுத்துங்கள். ஹாரன், ஹெட்லைட் இரண்டும் கூடாது. பின்னால் வழி இருந்தால் மெதுவாகப் பின்னெடுங்கள். குட்டி தெரிந்தால் தாய் பக்கத்தில்தான் இருக்கும், இடைவெளியை இன்னும் கூட்டுங்கள். இறங்கி செல்ஃபி எடுக்கிறவனை என்ன சொல்லியும் திருத்த முடியாது, அவன் காருக்குப் பின்னால் நிற்காதீர்கள்.

போன அன்னைக்கு மூடிட்டாங்கன்னா, இல்ல ஒண்ணுமே தெரியலைன்னா?

மூடியிருந்தால் ஆழியாறு அணை, திருமூர்த்திமலை, திரும்பும் வழியில் பழனி என்று நாளைக் கழிக்கலாம். அதனால்தான் பொள்ளாச்சியில் தங்கச் சொன்னேன்.

உள்ளே போயும் மிருகம் ஒன்றும் தெரியவில்லை என்றால், இந்தக் காட்டில் பார்க்க மரம் இருக்கிறது. இங்கே வெட்டிய தேக்கை மலைச்சரிவில் சறுக்கிவிட்ட இடம் என்பதால்தான் டாப்சிலிப் என்று பெயரே வந்தது. வெட்டித் தீர்த்த காட்டை மறுபடி வளர்த்த ஹியூகோ வுட் என்ற வன அதிகாரியின் சமாதி அங்கே இருக்கிறது. நினைவுச்சின்னம் தேடினால் சுற்றிப் பார் என்று லத்தீனில் பொறித்திருக்கும். தூணக்கடவுப் பக்கம் கன்னிமாரா தேக்கு. ஏறக்குறைய ஏழு மீட்டர் சுற்றளவு, 450 வருடத்துக்கு மேல் வயது சொல்கிறார்கள். 1994-95-ல் இந்திய அரசின் மகாவிருட்ச விருது வாங்கிய மரம். வெட்டப்போனபோது ரத்தம் வந்தது, அதனால் கன்னித் தெய்வமாகக் கும்பிடுகிறார்கள் என்பது மலைமக்கள் கதை.

எங்கள் ஆச்சியை அங்கே கூட்டிப்போனோம். பர்மாத் தேக்குத் தூண் நின்ற முகப்பில் பிறந்து வளர்ந்தவர். மரத்தை அண்ணாந்து பார்த்தார், உள்ளங்கையை அதில் வைத்தார். "ஏண்டா, இதுல எத்தனை தூண் வரும்?" என்றார். வழிகாட்டி ரத்தம் வந்த கதையைச் சொன்னார். ஆச்சி சட்டென்று கையை எடுத்து, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வந்து, இன்னொரு முறை தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்த மிருகம் மொத்தம் மூன்று மான், ஒரு மலபார் அணில்.